வினைக்கு ஈடு உண்டா?

ஜெஃப்ரி ஹிண்டன் 2023 மே மாதம் கூகுள் வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது 75. செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைப் பற்றி எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல் பேச வேண்டும் என்பதற்காகவே விலகியதாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் செய்த வேலையை நினைத்தால் ஓரளவு வருத்தமாக இருக்கிறது என்றும் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூனில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட கஸ்ப்ஏஐ என்ற ஸ்டார்ட்அப் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புதிய பொருள்களை வடிவமைப்பது அந்த நிறுவனத்தின் தொழில். காற்றில் சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் பொருளைத்தான் அவர்கள் முதலில் தேடத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. செய்த ஒன்றை நினைத்து வருந்துகிறவர், அதே கருவியை எடுத்து நல்லது ஒன்றைச் செய்தால், முன்னால் செய்தது கழிந்துபோகுமா?

எனக்கு இது இரண்டு பக்கமும் நெருக்கமான கேள்வி. கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், கஸ்ப்ஏஐ தேடுகிற அதே வகைப் பொருள்களைத்தான் எங்கள் ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். ஓய்வு பெற்ற பின், பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறேன். வினை, வினையின் பயன், அதைச் செய்தவர் யார், நுகர்பவர் யார் என்று மெய்கண்டாரும் அருணந்தி சிவாச்சாரியாரும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நடத்திய விசாரணையை அங்கே வரிவரியாகப் படிக்கிறோம். ஹிண்டனுக்கு அந்த நூல்களோடு ஒரு தொடர்பும் கிடையாது. அவரைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நின்று பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வினையைச் செய்துவிட்டு, அதை மறைக்காமல் வாய்விட்டு வருந்திய ஒருவர் நம் காலத்தில் இருக்கும்போது, வினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அவர் செய்த வேலைக்குள்ளேயே கேள்விக்குப் பாதி விடை இருப்பதாக நினைக்கிறேன். 1986-ல் டேவிட் ரூமெல்ஹார்ட், ரொனால்ட் வில்லியம்ஸ் இருவரோடும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நியூரல் நெட்வொர்க் என்பது எண்ணற்ற இணைப்புகளின் அடுக்கு. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எடை உண்டு. பூனைப் படத்தைக் காட்டும்போது அது நாய் என்று சொல்லிவிட்டால், தவறு கடைசி அடுக்கில்தான் வெளிப்படும். ஆனால் தவற்றை உண்டாக்கியவை உள்ளே எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு? கடைசி அடுக்கில் தொடங்கிப் பின்னோக்கி, ஒவ்வோர் அடுக்காகக் கணக்கிட்டு, இந்த இணைப்பைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் தவறு எவ்வளவு குறைந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அதற்கேற்பத் திருத்துவார்கள். பேக்புரொபகேஷன் என்பது இதுதான். இந்த முறைக்கு முன்னோடிகள் வேறு சிலரும் உண்டு. இதைக் கொண்டு ஓர் இயந்திரம் தானே கற்றுக்கொள்ள முடியும் என்று உலகம் நம்பும்படி காட்டியது அந்தக் கட்டுரை. 2012-ல் அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இலியா சுட்ஸ்கெவரும் அவரோடு சேர்ந்து படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் தள்ளினார்கள். மறு ஆண்டே மூவரும் தொடங்கிய சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. பிறகு ஹிண்டனுக்கு 2018-க்கான டூரிங் விருது, 2024-ல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் இயற்பியல் நோபல். அதெல்லாம் எல்லோரும் அறிந்த கதை.

தவறு நேர்ந்த பிறகு அதில் ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்து அறிவதற்கான ஒரு வழிமுறையோடு தன் பெயர் என்றைக்கும் சேர்ந்திருக்கப் பெற்றவர் ஹிண்டன். அதே ஹிண்டன்தான், தன் வருத்தத்துக்கு ஆறுதலாக, நான் செய்யாவிட்டாலும் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்ற வழக்கமான சமாதானத்தைச் சொல்லிக்கொள்வதாகக் கூறினார். வழக்கமான சமாதானம் என்று அவரே அதைக் குறிப்பிட்டது அவருடைய நேர்மை. அதன் பலவீனம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

அந்தச் சமாதானத்தை அவருடைய கணக்கே ஏற்காது. பக்கத்தில் வேறு ஆயிரம் இணைப்புகள் இருக்கின்றன என்பதற்காக எந்த இணைப்பையும் பேக்புரொபகேஷன் விட்டுவிடுவதில்லை. பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பங்கு அதனுடையது. வினைக்கொள்கை சொல்வதும் இதுதான். இன்னொருவன் செய்திருப்பான் என்பது உண்மையாகவே இருந்தாலும், அப்போது அந்த வினை இன்னொருவனுடையதாக இருந்திருக்கும். நடந்தபடி பார்த்தால் அது செய்தவனுடையது.

எண்ணம்தானே வினை, அவர் மனித மூளை எப்படிக் கற்கிறது என்று அறியத்தானே முனைந்தார் என்று கேட்கலாம். பௌத்தர்கள் கேட்பார்கள், எண்ணத்தையே வினை என்று சொன்ன மரபு அவர்களுடையது. அந்த வழியில் பார்த்தால் ஹிண்டன் மேல் பெரிய குற்றம் எதுவும் நிற்காது. ஆனால் அவர் வருந்துகிறார். கெட்ட எண்ணம் இல்லாமல் செய்ததற்கும் மனிதர்கள் வருந்துகிறார்கள். எண்ணத்தை மட்டும் அளந்து ஒரு வினையின் அளவைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அந்த வருத்தமே சான்று என்று எனக்குத் தோன்றுகிறது.

வகுப்பில் ஒருநாள், பெயர் எதுவும் சொல்லாமல், பாடம் நடத்தும் ஐயாவிடம் கேட்டேன்.

“ஐயா, ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் ஒரு பெரிய காரியம் செஞ்சார். அதுல கெடுதல் வரும்னு பின்னால தெரிஞ்சு வருத்தப்படுறார். இப்ப அதையே வச்சு ஊருக்கு நல்லது செய்யப் போறார். பழசு கழியுமா?”

“ஒண்ணைக் கொண்டு ஒண்ணைக் கழிக்கிற பேரேடு சிவன்கிட்ட கிடையாதும்மா,” என்றார். “நல்வினைக்கு அதோட பலன், தீவினைக்கு அதோட பலன். ரெண்டையும் தனித்தனியாத்தான் நுகரணும். கழுவாய்னு விதிச்சது வேற. அது முறையாச் செய்யணும். கழிச்சுக்கிடலாம்னு நெனச்சு நல்லது செஞ்சா அது வியாபாரம்.”

“அப்ப வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம் ஐயா?”

“சஞ்சிதம் அவர் கையில இல்ல. பிராரத்தம் வந்துக்கிட்டே இருக்கும். இனிமே ஏறப்போற ஆகாமியம் இருக்கே, அது அவர் கையிலதான இருக்கு. வருத்தத்தை அங்க கொண்டுவரச் சொல்லுங்க.”

குவிந்து கிடக்கும் பழைய வினை, இப்போது நுகரும் வினை, இனி ஏறும் வினை என்ற இந்த முப்பிரிவை மாணவியாக நான் பலமுறை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதரின் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்தபோதுதான் அதன் கூர்மை தெரிந்தது. ஹிண்டன் 1986-ஐத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அறிவு என்பது வெளியே போனால் திரும்பாத பொருள். எழுதியவர் நாளைக்கே மறுத்தாலும் அந்தச் சமன்பாடுகள் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் வீட்டில் அமைதியாக இருந்துவிடுவது குற்றமற்ற வழியா? வகுப்பில் நாங்கள் படிக்கும் சிவஞான சித்தியார் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் உயிர்களுக்கு உறுதி செய்வது நன்மை; அதைச் செய்யாதிருப்பது தீமை. செய்ய அறிந்தவர் செய்யாமல் ஒதுங்கி இருப்பதற்குத் தூய்மை என்ற பெயரை அந்த நூல் தருவதில்லை. ஆகவே அவர் ஒதுங்கிப் போகாமல், கருவியின் பக்கத்திலேயே நின்றதை நான் சரி என்கிறேன். நன்மை ஒன்று வந்தால் தீமை ஒன்று தள்ளுபடியாகும் என்ற எண்ணத்தோடு நின்றிருந்தால் மட்டுமே அது பிழை. அவர் மனத்தில் இருப்பது என்ன என்பது நம்மால் அறியக் கூடியதன்று.

ஆனால் இந்தத் தள்ளுபடி மனப்பான்மை இன்று தனிமனிதர்களைவிடக் கம்பெனிகளிடம்தான் வேரூன்றியிருக்கிறது. அதுவும், பார்க்கப்போனால், ஹிண்டன் சேர்ந்திருக்கும் துறையிலேயே. தொழில் புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 280 கரியமில வாயு மூலக்கூறுகள் இருந்தன. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. எரித்தவர்கள் எரித்துக்கொண்டே இருக்க, எங்கோ ஓரிடத்தில் மரம் நட்டதாகச் சான்றிதழ் வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்று கார்பன் ஆஃப்செட் சந்தை சொல்கிறது. விமான டிக்கெட்டோடு சேர்த்தே அதை விற்கிறார்கள். ஐயா சொன்ன வியாபாரம் இதுவேதான். மரம் காட்டுத்தீயில் எரிந்துபோகலாம். புகையோ நூற்றாண்டுகளுக்குக் காற்றில் நிற்கும்.

காற்றிலிருந்தோ புகைபோக்கியிலிருந்தோ அந்த வாயுவை உண்மையிலேயே பிடித்து எடுப்பது இதிலிருந்து வேறுபட்ட காரியம். இங்கே சான்றிதழ் வேலை செய்யாது. மூலக்கூறு உள்ளே வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. உலோக அணுக்களைக் கரிமச் சட்டங்களால் இணைத்துக் கட்டிய, உள்ளெல்லாம் வெற்றிடமான படிகங்கள் இதற்கு ஏற்றவை. 1989-ல் ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ராப்சன் தொடங்கிவைத்தார். ஜப்பானின் சுசுமு கிடகாவாவும் அமெரிக்காவில் ஓமர் யாகியும் வளர்த்தெடுத்தார்கள். மூவருக்கும் 2025-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. யாகி 1999-ல் வெளியிட்ட மாஃப்-5 என்ற படிகம் சில கிராம் இருந்தால் போதும், அதன் உட்பரப்பை விரித்தால் ஒரு கால்பந்து மைதானம் நிறையும்.

அதை நாங்களும் செய்திருக்கிறோம். துத்தநாக நைட்ரேட், டெரிப்தாலிக் அமிலம் — தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்குக்கும் இதே அமிலம்தான் — இரண்டையும் டிஎம்எஃப் கரைப்பானில் கரைத்து, டெஃப்லான் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்டீல் ஆட்டோகிளேவில் திருகி மூடி, ஓவனில் வைத்துவிட்டுப் போவோம். சூட்டில் டிஎம்எஃப் கொஞ்சம் சிதையும். மூடியைத் திறந்தால் அழுகிய மீன் வாடை அடிக்கும். அந்தச் சிதைவில் பிறக்கும் அமீன்தான் அமிலத்தின் புரோட்டானைப் பிடுங்கிப் படிகம் வளர இடம் கொடுக்கிறது. எல்லாம் கூடிவந்தால் அடியில் கண்ணாடி போன்ற சின்னச்சின்னக் கனசதுரங்கள் தெரியும். பல நேரம் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். கூடிவந்த படிகத்தையும் ஐப்பசி மழைக் காலத்தில் மேசைமேல் வைத்துவிட்டு வந்தால் தெளிவெல்லாம் போய் வெளுத்துவிடும். காற்றிலுள்ள ஈரம் துத்தநாகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பை உடைத்துவிடுகிறது. உலகத்தின் காற்றில் ஈரம் இல்லாத இடம் எது? ஆகவே ஈரம் தாங்க வேண்டும். வாயுவைப் பிடிக்க வேண்டும்; பிடித்ததை விடவும் வேண்டும். இறுகப் பிடித்தால் விடுவிக்கச் செலவாகும் வெப்பம் தாங்காது. தளரப் பிடித்தால் காற்றில் இவ்வளவு அரிதாக இருப்பது கைக்குள் நிற்காது. எந்த உலோகம், எந்தச் சட்டம், எவ்வளவு அகலத் துளை என்ற சேர்க்கைகளுக்கு எல்லையே இல்லை. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க ஓவனைத் திறந்து மூடினாலும் கரை காண முடியாது.

இந்த இடத்தில்தான் ஹிண்டனின் வழித்தோன்றல்கள் உள்ளே வருகிறார்கள். வேண்டிய குணத்தைச் சொன்னால், அதற்கு ஏற்ற அமைப்பை மாடலே வரைந்து கொடுக்கும். என்னிடம் படித்து, இப்போது இந்தக் கணிப்புத் துறையில் இருக்கும் ஒரு பெண் போனில் சொன்னாள்: “மேடம், ஸ்ட்ரக்சர் ஆயிரக்கணக்குல வந்து கொட்டுது. அதுல எது உங்க ஓவன்ல வரும்ங்கிறதுதான் யாருக்கும் தெரியல.” இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் அவள் அதை ‘உங்க ஓவன்’ என்றே சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது. வரைந்தது பொருளாக வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கை அந்த வாடையில் நுழைய வேண்டும். மாடலைப் பயிற்றுவிக்க மின்சாரம் எரிய வேண்டும். பிடித்த வாயுவை விடுவிக்க மறுபடி சூடேற்ற வேண்டும். எதுவும் சும்மா கழிவதில்லை; காற்றைத் துடைக்கும் வேலையும் தன் பங்குக்கு ஒரு வினையாகவே நடக்கிறது. வேதியியல் எனக்குக் கற்பித்ததும் ஐயா கற்பித்ததும் முரண்படாமல் நிற்கும் இடம் இது.

ஆலோசகர் இதில் செய்வது என்ன? அவர் ஓவன் அருகே நிற்பதில்லை, நிரல் எழுதுவதில்லை, சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதில்லை. மனம், வாக்கு, காயம் என்ற மூன்றில் அவருடையது வாக்கு. அதைச் சின்ன வினை என்று நினைக்கக் கூடாது. கஸ்ப்ஏஐ தன்னை அறிவித்தபோதே 3 கோடி டாலர் முதலீடு திரட்டியதாகச் சொன்னது. அந்த அறிவிப்பிலேயே ஹிண்டனின் பெயரும் இருந்தது. முதலீடு செய்கிறவர்களுக்குப் பெயர் ஓர் உறுதி. அந்த வகையில் அவர் வாய் திறக்கும் முன்பே அவருடைய வாக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அதே நேரம், இது வெறும் பெயர்க்கடன் என்றும் நான் சொல்ல மாட்டேன். நிறுவனத்தை வேதியியலாளர் சாட் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து தொடங்கிய மாக்ஸ் வெல்லிங், இளம் ஆய்வாளராக ஹிண்டனிடம் பணியாற்றியவர். தன்னிடம் இருந்தவர் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கும்போது ஆசிரியர் பக்கத்தில் போய் நிற்பதை, கற்பித்துப் பழகியவர்களால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும்.

பெரியவர்களைத் துணையாகக் கொள்வதற்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆட்சி செய்கிறவனை நோக்கிச் சொன்னது அது. துணையாகப் போகிற பெரியவருக்கு என்ன கடன் என்பதை அமைச்சைப் பற்றிப் பேசும் இடத்தில் தேட வேண்டும். கேட்கிறவன் கேளாதவனாக, அறியாதவனாகவே இருந்தாலும், அருகில் இருப்பவன் உறுதியானதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வள்ளுவர் அங்கே வைக்கிறார். நவீன நிறுவனத்தில் ஆலோசகருக்குப் பொதுவாக வாக்குரிமை கிடையாது. சொல்லலாம், கேட்கப்படாவிட்டால் விலகலாம். வேறு அதிகாரம் இல்லை.

உறுதியானதைச் சொல்லியாக வேண்டிய அந்தக் கடனுக்குச் சோதனை எந்த வடிவில் வரும் என்பதையும் இப்போதே சொல்ல முடியும். பிடித்த கரியமில வாயுவை என்ன செய்வது? நிலத்தடியில் நிரந்தரமாகப் பூட்டிவைக்கலாம். அல்லது வற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குள் அழுத்தி, எஞ்சிய எண்ணெயை மேலே தள்ளலாம். அமெரிக்காவில், டெக்சாஸில், 1970-களிலிருந்து நடப்பது இது. இந்த வாயுவுக்கு நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிற இடமும் அதுதான். அருமையான ஒரு படிகம் நாளைக்குக் கிடைத்தால், அதைத் தேடி முதலில் வருபவர்களில் எண்ணெய்க் கம்பெனியும் இருக்கும். புகையைப் பிடிப்பதற்காகச் செய்த பொருள், இன்னும் எரிப்பதற்கு எண்ணெய் தேடித் தரும். மூளையை அறிவதற்காகச் செய்த கணிதம் தான் நினைக்காத இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த ஹிண்டனுக்கு இந்தப் பாதை புதிதல்ல. முதல்முறை தெரியாமல் நடந்தது. இந்த முறை தெரிந்தே நடக்கும். ஆகாமியம் என்று ஐயா சொன்னது முழு எடையோடு வந்து ஏறும்.

மறுக்கத் தெரிந்த மனிதர் அவர். 1987-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தை விட்டு டொரோண்டோவுக்குப் போனபோது, அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு இராணுவப் பணமே பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது அவருக்குப் பிடிக்காததும் ஒரு காரணம். கூகுளைவிட்டு வந்ததும் பேசுவதற்காகத்தான். எண்ணெய்க் கம்பெனியின் ஒப்பந்தம் மேசைக்கு வரும் நாளில், இளையவர்கள் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயத்தைச் சொல்லும்போது, முதலீட்டாளர்கள் பொறுமை இழக்கும்போது, அவர் அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அவர்கள் கேட்காவிட்டால் தன் பெயரை அவர் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். வந்த காரணத்தை, 2023-ல் சொன்னதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.